ஐப்பசி மழைக்கு முன்

பழைய வீட்டைக் காப்பது என்றதும் பலருக்குச் சுவரில் புதுச் சாயமும் வாசலில் ஒரு பெயர்ப்பலகையும் நினைவுக்கு வரும். எனக்குக் கூரைதான் நினைவுக்கு வரும். புதுச்சேரியின் தமிழர் பகுதியில், சில தெருக்களுக்குள், நாங்கள் சிலர் சம்பளம் வாங்காமல் ஒரு வேலை செய்கிறோம். ஆவணியில் ஏணியை வெளியே எடுப்போம். ஐப்பசி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், பாசி படிந்த ஓட்டின்மேல் ஆளை ஏற்றுவது கொலைக்குச் சமம்.

நான் அரசு அலுவலகத்தில் கட்டடப் படம் வரைந்தவன். பள்ளிக்கூடம், கால்நடை மருந்தகம், தண்ணீர்த் தொட்டி, ஊழியர் குடியிருப்பு என்று பணிக்காலம் முழுக்க வரைந்ததெல்லாம் கான்கிரீட். நான் பிறந்து வளர்ந்ததோ முற்றம் வைத்த ஓட்டு வீட்டில். அப்படி ஒரு வீட்டை ஒருநாளும் காகிதத்தில் இட்டதில்லை. இடச்சொல்லி யாரும் கேட்டதுமில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இடிப்பதற்குள் அளவாவது எடுத்து வைப்போமே என்று டேப்பும் அட்டையுமாகப் போனேன். அந்த வீடு போய்விட்டது, படம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், “இடிக்கப்போகிற வீட்டையே ஏன் அளக்கிறீர்கள்? நிற்கிற வீட்டையும் அளக்கலாமே” என்றார். அவரும் சேர்ந்துகொண்டார். பிறகு ஒரு வங்கிக்காரர், ஒரு ஆசாரி, ஒரு கொத்து மேஸ்திரி, கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் சிலர். எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் தலைவர், பொருளாளர் எல்லாம் வேண்டும். அப்புறம் ஓடு மாற்ற நேரம் இருக்காது.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். பெரிய வாய்க்கால் இந்த ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலோரம் வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். நேர்நேராக வெட்டிக்கொள்ளும் இந்தத் தெருக்களுக்குத் திட்டம் போட்டது பிரெஞ்சுக்காரர்கள் என்று சுற்றுலா வருகிறவர்கள் நினைப்பார்கள். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தபோது போட்டது அது. 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வெள்ளையர் நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. அந்த அழிவுக்கு முந்தைய வீடு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வாய்க்காலைத் தாண்டி மேற்கே வர வேண்டும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அவர் பெயரால் அமைந்த தெருவிலேயே இருக்கிறது. கீழே கடைந்தெடுத்த மரத்தூண்கள், மேலே வெள்ளைச் சாந்து பூசிய ஐரோப்பியத் தூண்கள். கீழ்த்தளம் தமிழாகவும் மேல்தளம் பிரெஞ்சாகவும் கட்டும் வழக்கத்துக்கு இந்த ஊரில் அதுதான் பெரிய சாட்சி.

சாதாரண வீடு அத்தனை ஆடம்பரமாக இருக்காது. தெருவை ஒட்டி மரக்கால்கள்மேல் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை, அது தாழ்வாரம். வெயிலுக்கும் மழைக்கும் தெருவில் போகிறவர் யாராக இருந்தாலும் ஒதுங்கிக்கொள்ளலாம். அதற்கு உள்ளே திண்ணை. வீட்டைத் தேடி வந்தவர் உட்காரும் இடம். தலைவாசல் தாண்டி நடை, நடை தாண்டி முற்றம், முற்றத்தைச் சுற்றி ஆளோடியும் அறைகளும், பின்னால் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் கிணறும் கொல்லையும். தெருவிலிருந்து பார்த்தால் கண் நேராகக் கொல்லை வரை போகும்.

வைசியாள் வீதியில் நடந்துபார்த்தால் நான் சொல்வது புரியும். பதிவேட்டில் அதன் பெயர் கால்வே சுப்பராய செட்டி வீதி. 2002 முதல் 2004 வரை, ஆசியா அர்ப்ஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்நவ்-சூர்-லோ நகரமும் புதுச்சேரியோடு கைகோத்தன. மரபுச் சின்னங்களைப் பேணும் இன்டாக் அமைப்பு முன்நின்று அந்த வீதியின் வீட்டு முகப்புகளைச் சீர்செய்தது. செலவை வீட்டுக்காரர்களும் பகிர்ந்துகொண்டார்கள். வேலை முடிந்த பிறகு ஒரு பகல் வேளையில் அந்தப் பக்கம் போனேன். தாழ்வாரங்கள் வரிசையாக நின்றதில் வெயில் படாமலே பல வீடுகளைக் கடக்க முடிந்தது. என் படம் வரையும் உத்தியோகத்தில் தெருவுக்கு நிழல் தரும்படி ஒரு கட்டடமும் நாங்கள் போட்டதில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆனால் அந்த மாதிரிப் பணம் ஒரு தெருவுக்கு ஒருமுறைதான் வரும். மீதித் தெருக்களுக்கு ஏணியும் எங்களைப் போன்ற வேலையற்ற கிழவர்களும்தான்.

முதல் வேலை அளப்பது. 30 மீட்டர் டேப், தூக்குக்குண்டு, ரசமட்டம், காகிதம் செருகிய அட்டை, இவ்வளவுதான் கருவிகள். இப்போது லேசர் கருவியும் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். நான் டேப்பையே விரும்புவேன். காரணம் இருக்கிறது. டேப்புக்கு இரண்டு முனை. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். அதை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன். அதுவரை வாசற்படியில் நின்று “எதுக்கு அளக்கிறீங்க? வரி கூடுமா?” என்று கேட்டவர், டேப்பைப் பிடித்ததும் நம்மோடு வேலை செய்கிற ஆளாகிவிடுவார். மூலைக்கு மூலை குறுக்கே அளக்கும்போது, பழைய அறை எதுவும் சரிசதுரமாக இருக்காது என்று தெரியவரும். “எங்க தாத்தா மனையடி பார்த்துக் கட்டினதாச்சே” என்று வருத்தப்படுவார்கள். உள்கூடு அளவை மீட்டரில் சொன்னால் பெரியவர்களுக்குத் திருப்தி வராது. அடியில் சொல்ல வேண்டும். பதினோரு அடி என்றால் முகம் மலரும்.

அளந்துகொண்டே கதை கேட்க வேண்டும். எந்த அறையில் பிள்ளை பெற்றார்கள், எந்தத் தூணில் கட்டிய ஊஞ்சல் எப்போது கழன்றது, பொடி இடித்த உரல் எங்கே இருந்தது என்று எல்லாம் வரும். எதையும் விடாமல் படத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்வேன். அலுவலகத்தில் இருந்தபோது ஓரத்தில் எழுத அனுமதி கிடையாது.

ஒரு வீட்டில் எண்பதைத் தாண்டிய அம்மா ஒருவர், நான் அவர் வீட்டின் கடைசல் தூண்களைப் புகழ்ந்துகொண்டே போனதைக் கேட்டுவிட்டு, “தம்பி, அழகு பார்க்க நீங்க வர்றீங்க. ராத்திரி மழையில நனைஞ்சுக்கிட்டுக் கொல்லைக்குப் போறது நானு” என்றார். மரபுக் கட்டடம் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதற்கு மேலான ஒன்று கிடையாது. இந்த வீடுகளில் கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கும். மூட்டு வலிக்கும் வயதில் படி இறங்கி ஏறி, முற்றம் சுற்றிப் போக வேண்டும். மருமகள்களுக்கு அதுவே முதல் சண்டை. பல வீடுகள் இடிபட்டதற்குக் காரணம் பணத்தாசை என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் பாதி வீடுகள் கழிப்பறைக்காக இடிந்தன. அன்றிலிருந்து எங்கள் படத்தோடு இன்னொரு படமும் போகும்: இரண்டாம் கட்டில் எந்த அறையின் ஓரத்தைத் தடுத்தால் குளியலறையும் கழிப்பறையும் வரும், குழாய் எந்த வழியாகப் போனால் சுவர் ஊறாது என்று. என் உத்தியோகத்தில் கற்ற வித்தை வேறு எதற்கும் இத்தனை உதவவில்லை.

இனி கூரைக்கு வருகிறேன். நாட்டு ஓடு வளைந்தது. ஒரு வரிசையைக் குழிவு மேலே தெரியும்படி அடுக்கி, இரண்டு வரிசைகளுக்கு நடுவிலான இடைவெளியை மூடும்படி இன்னொரு வரிசையைக் கவிழ்த்துப் போட வேண்டும். ஆணி கிடையாது, சாந்து கிடையாது. எடையும் சரிவும்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் எளிதில் நகரும். பூனை ஓடினால் நகரும், பிள்ளைகளின் கிரிக்கெட் பந்து விழுந்தால் உடையும், கேபிள் கம்பி கட்ட ஏறுகிறவர் நடந்தால் ஒரு வரிசையே போகும். இரண்டு விரற்கடை விலகினால் போதும், மழை உள்ளே வந்துவிடும்.

இதில் மோசமான இடம் கூடல்வாய். நாலு பக்கக் கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரிவதால், நாலு மூலையிலும் இரண்டு சரிவுகள் கூடுகின்றன. கூரையில் விழுகிற தண்ணீரில் பெரும்பங்கு அந்த மூலைகளுக்குத்தான் ஓடிவரும். வேப்பஞ்சருகும் காக்கை கொண்டுவந்து போடும் எலும்பும் அங்கேதான் அடைக்கும். அடைத்த தண்ணீர் பக்கவாட்டில் ஏறி ரீப்பரை நனைக்கும். ரீப்பர் ஊறினால் கைமரத்தின் நுனி ஊறும். ஊறிய மரத்தைத் தேடிச் செல் வரும். கைமரம் இறங்கினால் அதைத் தாங்கும் உத்திரம் ஒரு பக்கமாகச் சுமை ஏற்கும், தூண் தலை விலகும். ஐந்தாறு ஆண்டில் வீட்டுக்காரர் ஒரு பொறியாளரை அழைத்து வருவார். அவர் மேலே பார்த்துவிட்டு, “இது தாங்காது சார், இடிச்சிடுங்க” என்பார். கை நிறையச் சருகை அள்ளிப்போட்டு, பத்து ஓட்டைத் திருத்தியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

மாடி வீடுகளில் கூரை வேறு வகை. மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். மரக்கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாகக் கோணலாக வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் இறுக்கி, மேலே செங்கல் ஜல்லி போட்டு இடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பது. நூறு ஆண்டு தாங்கக்கூடியது. அதற்கும் எதிரி தண்ணீர்தான். சுவருக்குள் போயிருக்கும் கட்டையின் முனையை யாரும் பார்க்க முடியாது, அழுகுவது அங்கேதான். கைப்பிடிச் சுவரோரம் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தால் அதற்கு நேர் கீழே கட்டை முனையைத் தட்டிப்பார்ப்பது எங்கள் மேஸ்திரியின் வழக்கம். சத்தத்திலேயே சொல்லிவிடுவார். கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.

ஒழுகுகிற இடத்தில் சிமெண்ட் பூசுவதுதான் ஊர் வழக்கம். வீட்டுக்காரரைக் குறைசொல்ல மாட்டேன். கடையில் கிடைப்பது அது, கொத்தனாருக்குத் தெரிந்ததும் அது. இந்தச் சுவர்கள் மெல்லிய செங்கல்லும் மண்ணும் சுண்ணாம்புமாகக் கட்டியவை. தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மேற்பரப்பு வழியாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசுவது வியர்க்கிற உடம்புக்கு மழைக்கோட்டு போட்டுவிடுவது மாதிரி. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரே ஏறும். கடலோர ஊர் என்பதால் உப்பும் சேர்ந்து ஏறும். இரண்டு மழை கழிந்ததும் பூச்சு உப்பிப் பாளம்பாளமாக விழும். விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். அப்போதும் வீட்டுக்காரர் “பழைய சுவர், பலமில்லை” என்றுதான் சொல்வார்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் தண்ணீருக்குள் ஊறப்போட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்க்க வேண்டும். ஒரு பூச்சு காய்ந்து, அடுத்தது மெல்லிசாக ஏற வேண்டும். சனிக்கிழமை கூலி வாங்குகிற ஆளை இப்படிக் காத்திருக்கச் சொல்ல முடியாது. எங்கள் மேஸ்திரி இந்த வேலையை அவர் அப்பாவிடம் கற்றார். அவர் மகன் குளியலறை டைல்ஸ் ஒட்டப் போகிறார், நன்றாகச் சம்பாதிக்கிறார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம், சுண்ணாம்பு தெரிந்தவருக்கு டைல்ஸ்காரரைவிடக் கூலி குறைவு என்பதில்தான்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. அன்று பறந்த ஓடுகளைத் திரும்பப் போட ஓடு கிடைக்கவில்லை. நாட்டு ஓடு சுடும் சூளைகள் ஏற்கெனவே அருகிவிட்டன. பல வீடுகளில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் ஏறின. தற்காலிகம் என்று ஏற்றியது இன்னும் இறங்கவில்லை. அதிலிருந்து கற்றுத்தான் நாங்கள் இடிபடும் வீடுகளின் ஓட்டைக் கேட்டு வாங்கிச் சேர்க்கத் தொடங்கினோம். வங்கிக்காரர் வீட்டுக் கொல்லையில் அளவு வாரியாக அடுக்கியிருக்கிறோம். அவர் ஓய்வுபெற்றாலும் பழக்கம் விடவில்லை, எந்த வீட்டுக்கு எத்தனை ஓடு போனது என்று பேரேடு வைத்திருக்கிறார். ஓட்டுக்குக் காசு வாங்குவதில்லை. ஏறி வேலை செய்கிறவருக்கு மட்டும் வீட்டுக்காரர் கூலி கொடுத்துவிட வேண்டும். கொடுக்க முடியாத வீடுகளும் உண்டு. அங்கே நாங்கள் பகிர்ந்துகொள்வோம்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் தனிச் சங்கடம். 1962-ல் இந்த ஊர் சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தாக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது பாரீசில் இருக்கிறார்கள். பத்திரம் பிரெஞ்சில், வாரிசுகள் மூன்று நாட்டில், சாவி யாரோ ஒரு தூரத்து உறவினர் கையில். ஒரு வாரிசு விற்க வேண்டும் என்பார், ஒருவர் கூடாது என்பார், மூன்றாமவர் பதிலே போட மாட்டார். இந்த வழக்கில் நாங்கள் தலையிடுவதில்லை. சாவி வைத்திருப்பவரின் சம்மதத்தோடு கூடல்வாயைச் சுத்தம் செய்துவிட்டு, முன்னும் பின்னும் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவோம். சண்டை முடிகிறவரை வீடு நிற்க வேண்டுமே. படம் பார்த்த வாரிசுகளில் சிலர் அடுத்த முறை ஊருக்கு வந்தபோது எங்களைத் தேடி வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் தன் பங்கு அறையில் மறுபடி குடிவந்திருக்கிறார்.

ஓட்டலாக மாறிய வீடுகளைப் பற்றி எங்களுக்குள் சண்டை உண்டு. ஆசிரியருக்குப் பிடிக்காது: குடும்பம் போய்விட்டது, முற்றத்தில் வெளியூர்க்காரர் காப்பி குடிக்கிறார் என்பார். ஆசாரி, மரம் பிழைத்ததே போதும் என்பார். நான் ஆசாரி பக்கம். கடைசல் தூணும் நிலைக்கதவும் பழம்பொருள் கடைக்குப் போய் எங்கோ ஒரு பண்ணை வீட்டில் அலங்காரமாக நிற்பதைவிட, இருந்த இடத்திலேயே காப்பிக்காரருக்குக் கதவாக இருப்பது மேல். முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் நாலு மாடி கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அது வீடு இல்லை, வீட்டின் புகைப்படம்.

கவிஞர் வாழ்ந்த வீட்டுக்குக் காவல் உண்டு. பாரதி இங்கே இருந்த 1908 முதல் 1918 வரையான காலத்தின் நினைவாக ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வீடு நினைவில்லமாக இருக்கிறது. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடும் அப்படியே. பாட்டெழுதாதவர்கள் வாழ்ந்த வீடுகளுக்குப் பட்டியல்தான். இன்டாக் அமைப்பு 1990-களில் எடுத்த கணக்கில் ஊர் முழுக்கச் சுமார் 1,800 பழைய கட்டடங்கள் இருந்தன. அவற்றில் பல நூறு இன்று இல்லை. பட்டியலில் பெயர் இருந்ததால் மட்டும் எந்தக் கூரையும் ஒழுகாமல் இருந்ததில்லை. அரசாங்கக் கட்டடத்துக்கே அதுதான் கதி. கடற்கரையில் நின்ற மேரி என்னும் நகரசபைக் கட்டடம் பல காலம் கவனிப்பின்றிக் கிடந்து 2014 நவம்பர் மழையில் சரிந்தது. உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். அழகாகவே கட்டியிருக்கிறார்கள். சரிவதற்கு முன்னால் செய்திருந்தால் அதில் சிறு பங்குதான் செலவாகியிருக்கும்.

பொங்கல் சமயத்தில் எங்களுக்கு ஒரு சின்ன வழக்கம். அந்த ஆண்டு அளந்த வீடுகளின் படத்தைச் சட்டம் போட்டு, அந்தந்த வீட்டுத் திண்ணையிலேயே வைத்துக் கொடுப்போம். படத்தில் பொறியாளர் பெயரோ எங்கள் பெயரோ இருக்காது. அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றி வைத்திருக்கும் பெண்ணின் பெயர் இருக்கும். பத்திரத்தில் அவர் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. கூடத்தில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இந்தப் படத்தை மாட்டிய வீடு எதையும் இதுவரை இடிக்கவில்லை. இதை நிரூபணம் என்று சொல்லவரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் தெருவிலும் ஓட்டு வீடு ஒன்று இருக்கலாம். அது புதுச்சேரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அந்த வீட்டுக்காரரிடம் கட்டடத்தின் வயதைக் கேட்காதீர்கள், எங்கே ஒழுகுகிறது என்று கேளுங்கள். எங்களிடம் ஏணி இருக்கிறது, ஓடும் இருக்கிறது; எங்களுக்கு வயதாகிவிட்டது, ஏறத் தெரிந்த இளைஞர்கள்தான் வேண்டும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஆவணி, புரட்டாசி ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் மேஸ்திரி சொல்லிக்கொடுப்பார். செருப்பில்லாமல் வர வேண்டும்.